பனைப் பள்ளத்தாக்குக்கு வண்டியா, நடையா?

ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு டிக்கெட் போட்டவர்கள் என்னிடம் கேட்பதில் பாதிக் கேள்வி உலுரு என்ற பெரிய சிவப்புப் பாறையைப் பற்றியது. அதற்குப் பதில் சுலபம். தார் ரோடு, எந்தக் காரும் போகும். மீதிப் பாதியில்தான் தொல்லை. "அண்ணா, ஃபிங்க் கோர்ஜ் தேசியப் பூங்காவுக்குள்ள பாம் வேலின்னு ஒரு இடம் இருக்காமே. சாதாரண கார் போகாதாம். ஜீப் மாதிரி ஃபோர் வீல் எடுக்கணுமா, இல்ல நடந்தே போயிடலாமா?"

பாம் வேலி என்று தமிழில் எழுதினால் யாரோ வெடிகுண்டு கட்டிவைத்த வேலி மாதிரித் தெரிகிறது. அதனால் பனைப் பள்ளத்தாக்கு என்றே எழுதுகிறேன். வழியில் போர்டைப் பார்க்கும்போது மட்டும் பாம் வேலி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே மூன்று தடவை போயிருக்கிறேன். முதலில் டூர் வண்டியில். அடுத்தது, வாடகை வண்டியை நானே ஓட்டிக்கொண்டு. கடைசித் தடவை பாதி வண்டி, பாதி நடை. ஊரிலிருந்தே முழுக்க நடந்ததில்லை, நடக்கும் எண்ணமும் இல்லை. காரணத்தை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

## முதலில் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆலிஸிலிருந்து மேற்கே லாரப்பிண்டா டிரைவில் ஏறத்தாழ 125 கிலோமீட்டர் போனால் ஹெர்மன்ஸ்பர்க். மேற்கு அர்ரெர்ன்ட என்ற பூர்வகுடி மக்கள் ந்தாரியா என்று சொல்லும் ஊர். 1877-இல் லூத்தரன் கிறிஸ்தவ மிஷனாகத் தொடங்கியது. ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா 1902-இல் பிறந்தது இங்கேதான். இதுவரை நல்ல தார் ரோடு. பெட்ரோல், டீசல் போட இதுவே கடைசி இடம். வெள்ளையடித்த பழைய மிஷன் கட்டடங்களுக்குள் ஒரு டீக்கடை உண்டு, ஆப்பிள் ஸ்ட்ரூடல் என்ற பலகாரம் கிடைக்கும். போகும்போது நிற்காதீர்கள், நேரம் போய்விடும். திரும்பும்போது நில்லுங்கள்.

ஊரைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் பள்ளத்தாக்குக்கான வழி பிரிகிறது. அங்கிருந்து பூங்காவின் முகாம் வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர். பெரும்பகுதி ஃபிங்க் ஆற்றின் மணல் படுகையை ஒட்டியும், ஆற்றுக்குள் இறங்கியேறியும் போகும். வருஷத்தில் பெரும்பாலான நாள் அந்த ஆற்றில் தண்ணீர் ஓடாது. ஆங்காங்கே மடு மட்டும் தேங்கிக் கிடக்கும். முகாமைத் தாண்டி இன்னும் 4 கிலோமீட்டர் போனால் பனைகள் நிற்கும் இடம்.

பலர் இந்த இருபது கிலோமீட்டரையும் ஒரே மாதிரியான வழி என்று நினைத்துவிடுகிறார்கள். முதல் 16 கிலோமீட்டர் மணல், உருண்டைக் கல், தகரக் கூரை மாதிரி வரிவரியான தரை. பின்னால் வரும் 4 கிலோமீட்டர் பாறை, அதுவும் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும் பாறைத் தட்டு. மணலில் வண்டி புதையும், அவ்வளவுதான், தோண்டி எடுத்துவிடலாம். பாறையில் வண்டி அடிபடும். செலவு வருவது அங்கேதான்.

## எதை வைத்து முடிவெடுப்பது

வாடகை எவ்வளவு என்பது கடைசிக் கேள்வி. தண்ணீர் யார் சுமப்பது என்பது முதல் கேள்வி. வெயிலில் நடக்கும் ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் என்பது வடக்கு ஆள்புலத்தில் (ஆலிஸ் இருக்கும் நார்தர்ன் டெரிட்டரியில்) எல்லோரும் சொல்லும் கணக்கு. ஒரு லிட்டர் ஒரு கிலோ. முதுகுப்பையைக் கட்டும்போதுதான் இந்தக் கணக்கின் கனம் புரியும்.

அடுத்தது, ஏதாவது கோளாறு நடந்தால் யார் வருவார்கள் என்பது. பூங்காவுக்குள் போன் சிக்னலை எதிர்பார்க்காதீர்கள். எப்படிப் போனாலும் பகலில் இன்னொரு வண்டி கண்ணில் படும் வாய்ப்பு இருக்கிறது, சீசனில் நிறையவே இருக்கிறது. ஆனால் வாய்ப்பை ஏற்பாடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சொந்தமாகப் போகிறவர்கள் செயற்கைக்கோள் போனோ, உதவி கேட்டுச் சிக்னல் அனுப்பும் அவசர பீக்கனோ ஆளோடு வைத்திருக்க வேண்டும். வண்டியில் போட்டுவிட்டு நடக்கப் போனால் அது வண்டியைத்தான் காப்பாற்றும்.

மூன்றாவது, வாடகை ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருப்பது. நாலாவது, நீங்கள் அங்கே பார்க்கப் போவது எது என்பது. பனையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினால் போதுமா, ராத்திரி தங்க வேண்டுமா?

எந்த வழியில் போனாலும் ஒரு செலவு பொது. 2023 முதல் வடக்கு ஆள்புலத்தில் குடியிருக்காதவர்கள் பூங்கா பாஸ் வாங்க வேண்டும். முகாமில் தங்குவதற்கான கட்டணம் தனி, அதையும் இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

## ஒன்று: ஃபோர் வீல் எடுத்து நீங்களே ஓட்டிப் போவது

ஆள் நாலு பேர், முகாமிட ஆசை, மணலில் ஓட்டிய கை. இந்த மூன்றும் இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் யோசியுங்கள்.

வண்டி என்றால் தரையிலிருந்து நல்ல உயரமும், மெதுவாக அதிக இழுவையோடு போக உதவும் லோ ரேஞ்ச் கியரும் உள்ள அசல் ஃபோர் வீல். "ஆல் வீல் டிரைவ்தானே, போயிடும்" என்று நகரத்து எஸ்யூவியைக் கொண்டுவருகிறவர்களை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். நாலு சக்கரமும் சுற்றும், உண்மைதான். அடிவயிறு பாறையில் உட்கார்ந்துவிட்டால் சுற்றி என்ன பயன்? கேரவன் இழுத்துக்கொண்டு வருவது பேச்சுக்கே இடமில்லை.

மணலில் இறங்குவதற்கு முன் டயரில் காற்றை இறக்க வேண்டும். நான் 20 பிஎஸ்ஐ-க்குக் கொண்டுவருவேன். திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டில் வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் செம்மணலில் சைக்கிள் டயரைக் கல்லுப்போல் காற்றடித்து எடுத்துப் போனால் உருட்டிக்கொண்டேதான் போக வேண்டும். இங்கேயும் அதே கதை. இறங்கிய காற்றை மறுபடி ஏற்ற ஒரு கம்ப்ரஸர் வேண்டும், வாடகை வண்டியில் அது இருக்கிறதா என்று வண்டியை எடுக்கும்போதே கேளுங்கள். என் வண்டியில் பெட்டி இருந்தது, உள்ளே குழாய் இல்லை. ந்தாரியா வரை 40 கிலோமீட்டர் வேகத்தில் தவழ்ந்து வந்தேன்.

இனி, கண்ணுக்குத் தெரியாத செலவுகள். "எங்க ஃபோர் வீலை மண் ரோட்டுல ஓட்டலாம் சார்" என்று கவுன்டரில் சொல்வது ஒன்று, ஒப்பந்தத்தில் இருப்பது இன்னொன்று. பல ஒப்பந்தங்களில் அடிப்பாகம், டயர், கண்ணாடி, தண்ணீருக்குள் இறக்கியதால் வரும் சேதம், இன்னொரு வண்டி மோதாமல் தானாகவே கவிழ்ந்த விபத்து ஆகியவை காப்பீட்டுக்கு வெளியே இருக்கும். சிக்கிக்கொண்டால் இழுத்துவரும் செலவும் அப்படியே. பாம் வேலி வழியைப் பெயர் சொல்லிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தினசரி கிலோமீட்டர் வரம்பையும் பாருங்கள். போக வர 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வரம்பு நாளுக்கு 100 என்றால் மீதிக்குத் தனி பில்.

எனக்கு நடந்தது இதுதான். 16 கிலோமீட்டர் மணலைச் சுத்தமாகக் கடந்தேன், பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடு கடைசி 4 கிலோமீட்டருக்குள் நுழைந்தேன். மூன்றாவது பாறைத் தட்டில் முன்சக்கரம் இறங்கியதும் அடியில் ஒரு சத்தம். அலுமினியப் பாத்திரத்தைச் சிமென்ட் தரையில் இழுத்தால் வருமே, அது. இறங்கிக் குனிந்து பார்த்தேன், எண்ணெய் எதுவும் ஒழுகவில்லை. மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு பையன் டார்ச்சோடு தரையில் மல்லாந்து படுத்து, அடியில் நுழைந்து, ஒவ்வொரு கீறலாகப் போட்டோ எடுத்தான். 640 டாலர். அந்த 4 கிலோமீட்டரை நடந்திருந்தால் எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கும்.

## இரண்டு: டூர் வண்டி

ஆலிஸில் காலையில் ஏற்றி, சாயங்காலம் இறக்கிவிடும் ஃபோர் வீல் பஸ்கள் ஓடுகின்றன. தலைக்கு இவ்வளவு என்று பார்க்கும்போது விலை அதிகமாகத்தான் தெரியும். ஒருவரோ இருவரோ போவதாக இருந்தால் வாடகை, எரிபொருள், காப்பீட்டுக்கு மேல்பணம், கம்ப்ரஸர் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் டூர்தான் மலிவாக வரும். வயதான அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். அந்தப் பாறைத் தட்டுகளில் தினமும் ஓட்டுகிறவர் எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்று மனப்பாடமாக வைத்திருப்பார்.

குறை ஒன்றுதான், நேரம் உங்கள் கையில் இல்லை. நடுப்பகலில் கொண்டுபோய் இறக்குவார்கள். சிவந்த பாறைச் சுவர் அழகாவது காலை முதல் வெயிலிலும் மாலைக் கடைசி வெயிலிலும். அந்த இரண்டு நேரமும் நீங்கள் பஸ்ஸில் இருப்பீர்கள்.

## மூன்று: முகாம் வரை வண்டி, அப்புறம் நடை

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மணலைச் சக்கரம் பார்த்துக்கொள்ளட்டும், பாறையைக் கால் பார்த்துக்கொள்ளட்டும்.

முகாமில் குளிக்க வசதியும், ஃப்ளஷ் கழிப்பறையும், கேஸ் அடுப்பும் உண்டு. முந்தின நாள் மதியத்துக்குள் வந்து கூடாரம் போட்டுவிடுங்கள். பெரிய யூகலிப்டஸ் மரங்களின் கிளைக்கு நேர் கீழே மட்டும் போடாதீர்கள். ஆற்றோரத்து ரிவர் ரெட் கம் மரங்கள் காற்றே இல்லாத நேரத்திலும் கிளையை முறித்துப் போடும். ஆற்றுப் படுகையிலும் கூடாது, அதற்கான காரணம் பின்னால் வருகிறது. சாயங்காலம் கலரங்கா குன்றின் மேல் ஏறிவிட்டு வாருங்கள், போக வர ஒன்றரை கிலோமீட்டர்தான்.

மறுநாள் விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம், ராத்திரி உறைநிலைக்குக் கீழே போகும், விடிகாலையில் விரல் மடங்காது. அரை மணி நடந்தால் சரியாகிவிடும். போக 4 கிலோமீட்டர், அங்கே ம்புலுங்கின்யா சுற்றுப்பாதை 5 கிலோமீட்டர், திரும்ப 4. மொத்தம் 13. நேரம் குறைவென்றால் 2 கிலோமீட்டர் அரங்காயா சுற்றோடு முடித்துக்கொள்ளலாம். குளிர்மாதத்தில் ஆளுக்கு 4 லிட்டர் போதும் என்பது என் அனுபவம். முகாமின் குழாயை நம்பாமல் குடிதண்ணீரை ஆலிஸிலிருந்தே வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

என்னோடு வந்தது மைத்துனன். ஃபோர் வீல் வண்டியை முகாமில் நிறுத்திவிட்டு நடப்பது அவனுக்கு அவமானமாக இருந்தது. "அத்தான், காசு குடுத்து எடுத்த வண்டிய நிழல்ல கட்டிப்போட்டுட்டு நாம வெயில்ல போறோம்." முதல் கிலோமீட்டர் முழுக்க இதே பாட்டு. பிறகு ஒரு வளைவில் முதல் பனையைப் பார்த்தான். பேச்சு நின்றது. "நம்ம ஊரு பனை மாதிரியே இருக்கே."

இருக்கத்தான் செய்யும், ஏனென்றால் அது உறவுதான். லிவிஸ்டோனா மேரியே என்பது அதன் தாவரப்பெயர். நம் பனையைப் போலவே விசிறி ஓலை, ஆனால் மரம் ஒல்லி. இளங்கன்றின் ஓலையில் செம்மை ஓடியிருக்கும். இயற்கையாக இது வளர்வது உலகத்திலேயே இந்தப் பகுதியில் மட்டும். வெளியே பாலை. உள்ளே மணற்பாறைக்குள் ஊறி நின்ற தண்ணீர் கசிந்து வந்து இவற்றின் வேரை நனைக்கிறது. இதற்கு மிக நெருங்கிய பனைகள் நிற்பது வடக்கே ஆயிரம் கிலோமீட்டர் அளவு தள்ளி, மட்டரங்கா பக்கம். மழைக்காடு சுருங்கியபோது தப்பிப் பிழைத்த மிச்சம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2012-இல் வந்த மரபணு ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. இரண்டு கூட்டமும் பிரிந்து ஏறத்தாழ 15,000 வருஷம்தான் ஆகிறது, மனிதர்கள் விதையைக் கொண்டுவந்திருக்கலாம் என்றது. ஹெர்மன்ஸ்பர்க்கில் இருந்த பாதிரியார் கார்ல் ஸ்ட்ரேலோ 1894-இலேயே அர்ரெர்ன்ட மக்களின் கதை ஒன்றை எழுதி வைத்திருந்தார். வடக்கிலிருந்து வந்த தெய்வங்கள் இந்த விதைகளைக் கொண்டுவந்தார்கள் என்பது கதை. வண்டி இல்லாத காலம். ஆயிரம் கிலோமீட்டரையும் யாரோ கால்நடையாகத்தான் கடந்திருக்க வேண்டும் என்று மைத்துனனிடம் சொன்னேன். அதோடு வண்டிப் பேச்சை விட்டுவிட்டான்.

ஓடைப்படுகையில் நடக்கும்போது கீழே பாருங்கள். புல் என்று நினைத்து மிதிக்கும் ஒற்றை ஓலை பெரும்பாலும் பனங்கன்றாக இருக்கும். வண்டியில் வந்து இறங்கி, மேலேயே அண்ணாந்து போட்டோ எடுப்பவர்கள் அதிகம் மிதிப்பது இதைத்தான்.

இந்த வழியிலும் மறைந்த செலவு உண்டு. இரண்டு நாள் வாடகை, முகாம் சாமான், ஒரு ராத்திரி. ஒரே நாளில் செய்யப் பார்த்தால் உச்சி வெயிலில்தான் நடக்க வேண்டியிருக்கும். அப்படியானால் செய்யாதீர்கள்.

## நாலு: ந்தாரியாவிலிருந்தே நடப்பது

முடியாது என்று சொல்லவில்லை. ஃபிங்க் ஆற்றோடு நாள் கணக்கில் நடக்கிற அனுபவசாலிகள் இருக்கிறார்கள். ஆனால் இளமணலில் முதுகுச்சுமையோடு மணிக்கு 3 கிலோமீட்டர் என்றால் முகாம் வரைக்கே ஐந்தரை மணி நேரம். போக வர இரண்டு ராத்திரி. குடிக்க, சமைக்க என்று ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் சேர்ந்துவிடும். கூடாரம், சாப்பாடு, உடுப்பு வேறு. இருபது கிலோவைத் தாண்டிய பையோடு தேரிமணலில் நடந்து பார்த்தவர்கள் இந்தப் பத்தியை மேலே படிக்க மாட்டார்கள்.

வண்டி போகிற வழியிலேயே நடப்பதால் வருகிற வண்டியின் புழுதி முழுக்க உங்கள் மேல்தான். வழியை விட்டு விலகினால் அர்ரெர்ன்ட மக்களின் நிலத்துக்குள் போய்விடும் வாய்ப்பு உண்டு. அனுமதி விஷயத்தை, பூர்வகுடி நிலங்களைக் கவனிக்கும் சென்ட்ரல் லேண்ட் கவுன்சிலிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். இத்தனையும் செய்து கிடைப்பது, மூன்றாவது வழியில் கிடைக்கும் அதே பனை, அதே பாறை. நடைக்காகவே நடப்பவர் என்றால் பக்கத்திலேயே மேற்கு மக்டானல் மலைத்தொடரில் லாரப்பிண்டா நெடும்பாதை இருக்கிறது. அங்கே தண்ணீர்த் தொட்டியும் பாதைக் குறியும் வைத்திருக்கிறார்கள். உங்கள் காலை அங்கே செலவழியுங்கள்.

## ஒரு பார்வையில்

| | நீங்களே ஓட்டி | டூர் வண்டி | பாதி வண்டி, பாதி நடை | முழு நடை |
|---|---|---|---|---|
| நாள் | 1 அல்லது 2 | 1 | 2 | 3 |
| நடை | 2 முதல் 5 கி.மீ. | அதே அளவு | 13 கி.மீ. | 45 கி.மீ. வரை |
| மறைந்த செலவு | அடிப்பாகம், டயர், மீட்பு | அநேகமாக இல்லை | கூடுதல் நாள் வாடகை | உடம்பு |
| கோளாறு என்றால் | நீங்களே | ஓட்டுநர் | நீங்களே, அருகில் முகாம் | நீங்களே |
| யாருக்கு | மணலில் ஓட்டிய குழு | பெரியவர்கள், தனி ஆள், இருவர் | நடக்கத் தெரிந்தவர்கள் | பாலை நடையில் பழகியவர்கள் |

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டு வயதுக்குக் கீழே என்றால் 13 கிலோமீட்டர் வேண்டாம். டூரில் போங்கள், அல்லது முகாமில் தங்கி, காலையில் முகாமுக்கு வந்திருக்கும் வேறு வண்டியின் பின்னால் மெதுவாக ஓட்டிப் போங்கள். முன்னால் போகிறவர் எந்தத் தட்டில் எப்படி இறங்குகிறார் என்று பார்த்தாலே பாதிக் கீறல் மிச்சம்.

## மழை

ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைதான் நல்ல காலம். அதற்கு அப்புறம் வெயில் 40-ஐத் தாண்டும், நடையை மறந்துவிடுங்கள். நல்ல காலத்திலும் ஒரு மழை எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஃபிங்க் தொடங்குவது வடக்கே, கிளென் ஹெலன் பக்கம் ஆர்மிஸ்டன், டேவன்போர்ட் ஓடைகள் சேரும் இடத்தில். அங்கே பெய்தால் இங்கே வெள்ளம் வரும், உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கும். படுகையில் கூடாரம் போட வேண்டாம் என்றது இதனால்தான். வெள்ளம் வடிந்த பிறகும் ஈர மணல் சில நாள் வண்டியை விழுங்கும், வழியை மூடிவிடுவார்கள்.

ஆகவே கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அரசின் ரோடு நிலவர இணையதளத்தையும் பூங்காவின் அறிவிப்பையும் பாருங்கள். மூடியிருந்தால் ந்தாரியா வரை போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள். வண்டியை நமட்ஜிரா டிரைவ் பக்கம் திருப்புங்கள். ஆர்மிஸ்டன் கோர்ஜ் வரை தார் ரோடு, சாதாரண கார் போதும், இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் பெரிய மடு. பனை மட்டும் அங்கே கிடையாது.